நேவி ஓடின வாரம்

இன்னும் ஆறு டோக்கன். ஆளுக்குப் பத்து நிமிஷம்னு வெச்சாலும் ஒரு மணி நேரம், ஒரு மணி நேரம் இந்த வயித்துக்குள்ள ஒண்ணரை லிட்டர் தண்ணியக் கட்டி வெச்சுக்கிட்டு நான் இந்தப் பிளாஸ்டிக் சேர்ல அசையாம உக்காந்திருக்கோணும், அசைஞ்சா போச்சு, மானமே போச்சு, அத்தனை பொம்பளைங்க உக்காந்திருக்காங்க இந்த ஸ்கேன் சென்டர்ல. டோக்கன் கூப்பிடற அந்தப் புள்ள எத்தனை சுளுவாச் சொல்றா, அங்கிள் தண்ணி குடிச்சுட்டு அடக்கி வையுங்க, நல்லா முட்டுனதும் வந்து சொல்லுங்கன்னு. முட்டுது தாயே, முட்டி அரை மணி நேரமாச்சு. போய்ச் சொன்னா மூஞ்சியக்கூடப் பாக்காம இன்னும் சித்த முட்டட்டும் அங்கிள்ங்கறா. இன்னும் சித்தன்னா எத்தனை, அதுக்கு ஏதாவது அளவு இருக்குதா, சாயத்தொட்டிக்குத் தண்ணி விடறதுன்னாக்கூட இந்த மட்டம் வரைக்கும்னு கோடு போட்டு வெச்சிருப்போம், வயித்துக்குள்ள எங்க இருக்குது கோடு? சுவத்துல டிவி ஓடுது, சத்தம் இல்லை, ஒருத்தி வாயத் தொறந்து அழுகறா, கண்ணுல இருந்து தண்ணியா ஊத்துது, எனக்கு அதப் பாத்தாலும் முட்டுது. மூலையில தண்ணிக் கேனு, அதோட குழாய யாரோ சரியா மூடாமப் போயிட்டாங்க, சொட்டு, சொட்டு, சொட்டு. எந்திரிச்சுப் போய் மூடலாம்னா எந்திரிக்கப் பயமா இருக்குது. அட கருமமே, யாராவது அந்தக் குழாய மூடித் தொலைங்களேன்.

பக்கத்துல நாகமணி, என்ற பொண்டாட்டி, மடியில ஃபைல வெச்சுக்கிட்டு ஆடாம அசங்காம உக்காந்திருக்கா. ஃபைலுக்குள்ள நாலா மடிச்ச ஒரு தாளைச் சொருகி வெச்சிருக்கா, என்னன்னு கேட்டா "டாக்டருக்குங்க"ங்கறா. எட்டாவதோட படிப்ப நிறுத்துனவ, டாக்டருக்கு என்னத்த எழுதியிருப்பா? ஆனா இவ எழுதுனா சும்மா எழுத மாட்டா, அதுதான் எனக்குக் கிலி. இருவத்திரண்டு வருசமா பனியன் கம்பெனியில செக்கிங். பெரிய லைட்டு, லைட்டுக்குக் கீழ மேசை, மேசை மேல குமிஞ்சு கெடக்கற பனியன், ஒவ்வொண்ணா எடுத்து விரிச்சு, கைய உள்ள விட்டுப் பொரட்டி, தையல் விட்டிருக்குதா, ஓட்டை இருக்குதா, எண்ணெய்க் கறை இருக்குதான்னு பாத்து, பழுது இருக்கற எடத்துல அம்புக்குறி போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கர ஒட்டி அக்கட்டால தள்ளோணும். இவளைக் கூட்டிக்கிட்டு வரலாம்னு ஒருக்கா கம்பெனிக்குப் போனப்ப நின்னு பாத்தேன். விரல் பாட்டுக்குத் துணி மேல ஓடுது, கண்ணு எங்கியோ இருக்குது, பக்கத்து மேசைக்காரிகிட்டச் சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கா, சடார்னு விரல் நிக்குது. நின்ன எடத்துல ஸ்டிக்கர். எனக்கு ஒரு மண்ணும் தெரியலை, மூக்கு இடிக்கற அளவுக்குக் குனிஞ்சு பாத்தப்புறந்தான் ஒத்தை நூல் விட்டுப்போனது தெரிஞ்சுது. நெம்பப் பெருமையா இருந்துச்சு அன்னைக்கு, வெளிய சொல்லிக்கல. இப்பேர்ப்பட்டவகிட்டத்தான் நான் மறைக்கப் பாத்தேன்.

மொதத் தடவை வந்தப்ப எனக்குப் பயமே இல்லை, சத்தியமாச் சொல்றேன். அந்த வாரம் பட்டறையில மெரூன் ஓடுச்சு. சாயப்பட்டறையில நிக்கறவனுக்குத்தான் இது வெளங்கும். மஞ்சள் ஓடுற வாரம் மூக்கச் சிந்துனா மஞ்சளா வரும், பச்சை ஓடுனா எச்சில் பச்சை, வேர்வை பனியன்ல எறங்குனா அதுவும் அந்தக் கலர்தான், குளிக்கறப்ப நாலு சொம்பு வரைக்கும் தண்ணி கலராத்தான் ஓடும், தலகாணி உறை எத்தனை தொவைச்சாலும் ஒரு கலர்ல நிக்காது. இருவத்தாறு வருசமா என்ற ஒடம்புல இருந்து வெளிய வந்த எதுவும் அதோட சொந்தக் கலர்ல வந்ததில்லை. அப்ப மெரூன் ஓடுற வாரத்துல ஒண்ணுக்கு மெரூனாப் போனா எவன் பயப்படுவான்? அட, இங்கியும் வந்துருச்சான்னு சிரிச்சேன், கூட வேலை செய்யற மாரப்பன்கிட்டச் சொல்லியே சிரிச்சேன். அவனும் சேந்து சிரிச்சுட்டு, பொறகு என்ன நினைச்சானோ, வாழைத்தண்டுச் சாறு குடிச்சா எல்லாம் சரியாப் போகும்னு யாரோ பேசுன வீடியோ ஒண்ணை என்ற போனுக்குத் தாட்டி விட்டான். நோகலை, எரியலை, அடுத்த நாளே தெளிஞ்சு போச்சு. தெளிஞ்சு போனா முடிஞ்சு போச்சுன்னுதானே நினைப்போம். சரக்கு மாறுனா கலர் மாறும், பட்டறையில அவ்வளவுதான் கணக்கு.

ரெண்டாந்தடவை வந்தப்பத்தான் கணக்கு உதைச்சுது, ஏன்னா அப்ப ஓடிக்கிட்டிருந்தது நேவி. பத்து நாளா கருநீலத்தத் தவிர வேற கலரையே நான் கண்ணுல பாக்கலை, காலையில நின்னு பாக்கறேன், செவப்பு. ஆனா அதுக்கும் நானே ஒரு பதிலத் தேடிக்கிட்டேன், தொட்டியக் கழுவுனாலும் அடியில கொஞ்சம் பழைய கலர் நிக்கறதில்லையா, போன மாசத்து மெரூன் உள்ள எங்கியாச்சும் தங்கியிருக்கும்னு. தன்னைத் தானே ஏமாத்தறதுல மனுசன் எத்தனை கெட்டிக்காரன்! ஞாயித்துக்கெழமை மத்தியானம் தொவைக்கற கல்லுகிட்ட நின்னுக்கிட்டு நாகமணி கேட்டா, கொழம்புக்கு என்ன காய் போடட்டும்னு கேக்கற அதே கொரல்ல, "ஏனுங்க, இந்த வாரம் என்ன கலர் ஓடுது?" நான் பேப்பர்ல இருந்து தலையத் தூக்காமயே "நேவி"ன்னேன். "வாரம் பூராவுமா?" "ஆமா, பெரிய ஆர்டரு." கிட்ட வந்தா, என்ற கையப் புடிச்சுத் திருப்புனா, நகக்கண்ணு அத்தனையும் நீலம். மறுகையில வெச்சிருந்த என்ற உள்துணிய விரிச்சுக் காட்டுனா, ஒரு ரூவாக் காசளவுக்குச் செவப்பு. "அப்ப இது எங்கிருந்துங்க வந்துச்சு?" நான் வசமா மாட்டிக்கிட்டேன். "இந்த ஒருக்காத்தான் புள்ளே"ன்னேன். ஒருக்கான்னு அன்னைக்குச் சொன்னதுதான், அப்புறம் இந்த ஸ்கேனுக்கு எழுதிக் குடுத்த டாக்டர்கிட்டயும் ஒருக்கா, அவர் எழுதுன சீட்டுலயும் ஒருக்கா, அந்தப் பொய்ய எறக்கி வெக்க எடமே கெடைக்கலை.

அன்னைக்குச் சோறு ரெண்டு மணிக்கு மேலதான். ஈரக்கைய முந்தானையில தொடைச்சுட்டு என்ற போன எடுத்துக்கிட்டு உக்காந்தா. இவ போன்கிட்டக் கேக்கறதப் பாக்கோணுமே! மைக்க அமுக்கி, வாய்கிட்ட வெச்சு, கம்பெனி மேனேஜர்கிட்ட லீவு கேக்கற மாதிரி, "ஏனுங்க, எங்க வீட்டுக்காரருக்கு வலியே இல்லாம ஒண்ணுக்குல ரத்தம் போகுதுங்க, அது எதுனாலங்க?" எனக்குச் சிரிப்புத் தாங்கலை, உள்ள உதறலு வேற, அதை மறைக்கறதுக்காகவும் சிரிச்சேன், "மெஷினுக்கு எதுக்கு புள்ளே இத்தனை மரியாதை?"ன்னேன். "சும்மா இருங்க, ரோசனை பண்ணிக் கேக்கறேன்"னா. கேட்டதுதான் தாமதம், மழை வந்த மாதிரி கொட்டுது, வீடியோ, கட்டுரை, கேள்வி பதில், ஒருத்தன் மூணே நாள்லங்கறான், ஒருத்தன் ஒரே வேளையிலங்கறான். நானா இருந்தா மொதல்ல வந்தவனையே கும்புட்டுட்டுப் போனக் கீழ வெச்சிருப்பேன். இவ எதையும் மேல இருந்து படிக்கலை, அடியில இருந்து படிச்சா. விரல் சர்ருனு கடைசி வரைக்கும் போகும், அங்க ஒரு போன் நம்பர் இருந்தா, பொடி அனுப்பறோம் லேகியம் அனுப்பறோம்னு இருந்தா, "விக்கறவனுங்க, ரிஜெக்ட்"டுன்னு தள்ளிருவா. ஒண்ணுல பீட்ரூட்டு தின்னா அப்படிப் போகும்னு போட்டிருந்துச்சு, "தின்னீங்களா?"ன்னா, இல்லைன்னேன். ஒண்ணுல கல்லுன்னு இருந்துச்சு. "கல்லுன்னா நோகுமாமா, உங்களுக்கு நோகுச்சுங்களா?" "இல்லை." "அப்ப அது தனியா இருக்கட்டும்." ஒண்ணைப் படிக்கறப்ப மூஞ்சி சுண்டிப் போச்சு, சட்டுன்னு மூடிட்டா, என்ன போட்டிருந்துச்சுன்னு கேட்டா சொல்லலை, "பயமுறுத்தறவனும் ஒரு வகையில விக்கறவந்தானுங்க"ன்னு மட்டும் சொன்னா. வெளங்காத வார்த்தை வந்தா அந்த வார்த்தைக்கே திரும்ப மைக்க அமுக்குவா, சிறுநீர்ப்பைன்னா எதுங்க, அறிகுறின்னா என்னங்கன்னு, கேட்டு கம்பெனி நோட்டோட பின்பக்கத்துல எழுதுவா. யார் எழுதியிருக்காங்க, டாக்டரா, எந்த வருசம் எழுதுனது, எல்லாம் பாத்தா. மூணு எடத்துல ஒரே சங்கதி இருந்தாத்தான் நம்புவாளாமா, அதுலயும் ஒரு கண்டிசன், "ஒருத்தனப் பாத்து ஒருத்தன் எழுதியிருந்தா அது ஒரே பீசுங்க, மூணு பீசு இல்லை." இதை எந்த காலேஜுல சொல்லிக் குடுத்தாங்க இவளுக்கு? நாலு மணி வரைக்கும் தேடி மூணு எடத்தைப் புடிச்சுட்டா. நோகாம வர்ற ரத்தத்தத்தான் விடக்கூடாது, ஒருக்கா வந்து நின்னு போயிருந்தாலும் பாக்கோணும், பீடி குடிக்கறவங்களும் சில வகைச் சாயத்தோட வருசக்கணக்காப் பழகுனவங்களும் சீக்கிரமாப் பாக்கோணும். சாயம்கற வார்த்தை வந்தப்ப அவ விரல் நின்னுது. மேசையில நான் பாத்த அதே நிப்பு. "மூணுலயுமே உங்களுக்கு இதுதான்னு சொல்லலைங்க, போய்ப் பாருன்னுதான் சொல்லுது. அதனாலதான் எனக்கு நம்பிக்கை வருது"ன்னா. நான் பீடிய எடுத்துக்கிட்டு வெளிய போனேன், போய்ப் பத்த வெக்காமயே நின்னேன்.

இன்னும் மூணு டோக்கன். இந்த ஹால்ல இருக்கறவங்களப் பாத்தா எனக்கு இப்ப வேற மாதிரி தெரியுது. எதுத்தாப்புல ஒரு அம்மா, கையில லேப் ரிப்போர்ட்டு, கண்ணாடிய மூக்கு நுனியில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தாப் பாத்துப் பாத்துப் போன்ல அடிக்குது, தப்பாப் போகுது, அழிக்குது, மறுக்கா அடிக்குது, சலிக்கவே இல்லை. அந்தப் பக்கம் ஒருத்தர் முழங்கால நீட்டி வெச்சுக்கிட்டு, படி எறங்குறப்ப மட்டும் வலிக்குதே ஏன்னு ஹாலே கேக்கற மாதிரி போன்கிட்டக் கேக்கறாரு. மாசமா இருக்கற புள்ள ஒண்ணு சத்தத்தக் கொறைச்சு வெச்சு வீடியோ பாக்குது, பாத்துப் பாத்து வயித்தத் தொட்டுக்குது. முந்தியெல்லாம் இவங்களக் கண்டா நக்கலடிப்பேன், டாக்டர் எதுக்குப் படிச்சுட்டு வந்திருக்கான், எல்லாரும் போன்லயே வைத்தியம் பாத்துக்கறீங்கன்னு. எவன் கேப்பான் இவங்களுக்காக? அஞ்சு நிமிஷம் பாக்கற டாக்டர்கிட்ட எதைச் சொல்றது, எதைக் கேக்கறதுன்னு தெரியாமப் போய் நின்னவந்தான் எங்க குப்பண்ணன். என்ற மெஷினுக்கு அடுத்த மெஷின். அவனுக்கும் செவப்பாத்தான் போச்சு, ரெண்டு வருசம் சாயம் சாயம்னே சொல்லிக்கிட்டிருந்தான், நோவு வந்தப்புறம் பெரியாஸ்பத்திரிக்குப் போனான், திரும்பி வரலை. நாங்கெல்லாம் என்ன பேசிக்கிட்டோம்? ஆஸ்பத்திரிக்குப் போனான், அதான் போயிட்டான்னு பேசிக்கிட்டோம். போனதுனாலயா, போகாததுனாலயா? இவ ஒரு மத்தியானத்துல கேட்ட கேள்வியக் குப்பண்ணனுக்காக ஒருத்தரும் கேக்கலையே, நாங்க பத்துப் பேரு பக்கத்துலயே நின்னமே.

அவன் நெனைப்பு வந்தாலே அடிவயித்துல முட்டறது தண்ணியா வேற ஏதாச்சுமான்னு சந்தேகம் வந்துருது. மூணாந்தடவை போன வாரம். மஞ்சள் ஓடுற வாரம், அதனால சாயம்னு சொல்லிக்கக்கூட வழியில்லை. நாகமணி எந்திரிக்கறதுக்கு முந்தியே நானே கொழாயடியில அலசிப் பிழிஞ்சு கொடியில போட்டுட்டேன், கறையும் இல்லை, சாட்சியும் இல்லை. ஏன் மறைச்சேன்? ஒருக்கான்னா தற்செயலு, மூணுன்னா நோவு. ஒருக்கான்னே சொல்லிக்கிட்டிருந்தா ஒருக்காவாவே இருந்துரும்னு ஒரு குருட்டு நம்பிக்கை. இப்ப உள்ள போய் அந்த டாக்டரம்மாகிட்டயும் அதையே சொன்னா, அவங்க அதை நம்பி மேலாப்புல பாத்து விட்டுட்டா? இவ பக்கத்துல உக்காந்திருக்கா, மஞ்சப்பைய மடிச்சு மடிச்சுச் சின்னதாக்கிக்கிட்டிருக்கா, விரல் நடுங்குது. துணி மேல போறப்ப நடுங்காத விரல். எனக்கு அழுகை வந்துருச்சு, வந்தா கீழயும் வந்துரும்னு பல்லக் கடிச்சுக்கிட்டேன். "முப்பத்தொண்ணு, ஆறுச்சாமி!" அட, நாந்தான். எந்திரிக்கறேன், மெதுவா, மெதுவா. நாகமணி ஃபைலையும் அந்தத் தாளையும் டோக்கன் புள்ள கையில குடுத்து, "தாளையும் சேத்து டாக்டரம்மாகிட்டக் குடுத்துரு கண்ணு"ன்னா.

உள்ள ஏசி, சில்லுனு ஒரு களிம்ப வயித்துல ஊத்துனாங்க, அந்தச் சில்லுக்கே உயிர் போயிட்டு வந்துச்சு. டாக்டரம்மா சின்ன வயசு, என்னைப் பாக்கலை, ஸ்கேன் டிவியப் பாத்துக்கிட்டே கருவியால அமுக்கறாங்க, அமுக்காதீங்க தாயேன்னு கத்தோணும்போல இருக்குது. "எத்தனை தடவை ரத்தம் போச்சு? சீட்டுல ஒரு தடவைன்னு இருக்கு." ஒருக்கான்னு சொல்ல வாயத் தொறந்தேன். அந்த நடுங்குன விரல் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. "ஒருக்கா இல்லைங்க, பொய் சொல்லிட்டனுங்க, மூணு தடவை. மூணாவது யாருக்குமே தெரியாதுங்க, என்ற சம்சாரத்துக்குக்கூடத் தெரியாது"ன்னு கடகடன்னு கொட்டிட்டேன். டாக்டரம்மா மொதல் தடவையா என்னைத் திரும்பிப் பாத்தாங்க. "தெரியாதா? இதுல மூணு தேதி போட்டிருக்கே?"ன்னு அந்தத் தாளத் தூக்கிக் காட்டுனாங்க. கோணல் மாணலா நாகமணி எழுத்து. இருவத்தாறு வருசம் சாயப்பட்டறை, பீடி தெனம் பத்து, நோவு இல்லை, காய்ச்சல் இல்லை, பீட்ரூட்டு திங்கலை. அதுக்குக் கீழ மூணு தேதி, ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்துலயும் ஒரு செவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். "யாரு எழுதுனது? வீட்டுல நர்ஸ் யாராவது இருக்காங்களா?" "என்ற சம்சாரமுங்க. நர்ஸ் இல்லைங்க, பனியன் கம்பெனி செக்கிங்." அதைச் சொல்றப்ப மல்லாக்கப் படுத்திருந்த எனக்கு நெஞ்சு நிமிந்துச்சு. "இங்க வர்றவங்க பாதிப் பேர் என்ன வேலைன்னே சொல்றதில்லைங்க"ன்னுட்டு டாக்டரம்மா மறுபடி கருவிய ஓட்டுனாங்க, எடப்பக்கம், வலப்பக்கம், ஓடிக்கிட்டே இருந்துச்சு, பொறகு நின்னுச்சு. எனக்கு அந்த நிப்பு தெரியும். போயிட்டுத் திரும்பி அதே எடத்துக்கு வந்துச்சு, டிக்குனு ஒரு சத்தம், அளவெடுத்தாங்க. "சின்னதா ஒண்ணு தெரியுதுங்க. எட்டு மில்லிமீட்டர். என்னன்னு கேமரா விட்டுப் பாத்தாத்தான் சொல்ல முடியும். ஆனா இத்தனை சின்னதா இருக்கறப்ப யாரும் வர்றதில்லை, நீங்க வந்துட்டீங்க. போய் யூரின் போயிட்டு வாங்க, இன்னொரு தடவை பாக்கலாம்."

நானா வந்தேன்? எல்லாம் முடிஞ்சு கதவத் தொறந்துக்கிட்டு வெளிய வரேன், வயிறு காலி. நாகமணி எந்திரிச்சு நிக்கறா. "சின்னதா ஒண்ணு இருக்குதாமா, எட்டு மில்லிமீட்டரு, கேமரா விட்டுப் பாக்கோணுமாமா." அவ சுண்டுவிரல் நகத்தப் பாத்தா, எட்டு மில்லி எத்தனைன்னு அவளுக்குத் தெரியும். கண்ணு ரொம்பிருச்சு, ஆனா கொரல் உடையலை, "பாத்துரலாமுங்க, நேரத்தோட வந்திருக்கோம்." நான் என்ற போன எடுத்து அவகிட்ட நீட்டுனேன், எத்தனை நக்கலடிச்சிருப்பேன் அந்தப் போன வெச்சு, "கேளு புள்ளே, கேட்டுச் சொல்லு"ன்னேன். அவ வாங்கி மஞ்சப்பைக்குள்ள போட்டுட்டா. "அதுகிட்டக் கேக்க வேண்டியது முடிஞ்சுதுங்க. இனிக் கேமராப் பாக்கற டாக்டர்கிட்டத்தான் கேக்கோணும், கேக்கறதுக்கு எழுதி வெச்சிருக்கறேன், வாங்க." படியெறங்கறப்பவும் எனக்கு ஒண்ணு மட்டும் மண்டைய நோண்டுது. மொதத் தடவைக்கு, மாரப்பன் அந்த வாழைத்தண்டு வீடியோ அனுப்புன தேதி என்ற போன்ல இருக்குது, பாத்திருப்பா, ரெண்டாவதுக்குத் துணி, மூணாவது? தடயமே இல்லையே, நாந்தான் கறை போக அலசுனனே. கேட்டே போட்டேன். நாகமணி திரும்பாமயே சொன்னா.

"கல்யாணமாகி இருவத்தேழு வருசத்துல ஒரு நாளாச்சும் உங்க துணிய நீங்க அலசியிருக்கீங்களா? அன்னைக்குக் காலையில எந்திரிச்சு வரேன், கொடியில ஈரமாக் கெடக்குது."